புகைபோக்கி இல்லாத பண்ணைவீடு

தென் இங்கிலாந்தின் சிச்செஸ்டர் ரயில் நிலையத்திலிருந்து சிங்கிள்டன் கிராமத்துக்கு ஏறத்தாழ ஏழு மைல் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பேருந்துக்குக் காத்திருந்து சலித்து வாடகைக் காரில் ஏறினோம். மீட்டரைப் பற்றிக் கேட்டபோது சிரித்து மழுப்பிய ஓட்டுநர், இறங்கும்போது கேட்ட தொகையில் எங்கள் அன்றைய சாப்பாட்டுச் செலவு முழுவதும் அடங்கியிருக்கும். வார நாளில் பேருந்திலேயே செல்லுங்கள். நுழைவுச்சீட்டும் மலிவானதன்று. இவ்வளவு புலம்பினாலும், அங்குள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கும் பேலீஃப் பண்ணைவீட்டுக்காக அந்தச் செலவைச் செய்யலாம் என்பதே என் கருத்து.

இவ்வீடு முதலில் கென்ட் மாவட்டத்தின் சிடிங்ஸ்டோனில் இருந்தது. பௌ பீச் நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, 1960களின் இறுதியில் இதைப் பிரித்தெடுத்து, பின்னர் இங்கே கொண்டுவந்து மீண்டும் நிறுத்தினர். ஓக் மரச் சட்டங்களைத் துளையும் கழுந்துமாகப் பொருத்தி மரமுளை அடித்திருப்பதால்தான் ஒரு வீட்டை இப்படிக் கழற்றி மாட்ட முடிந்திருக்கிறது. சட்டங்களுக்கு இடையே குச்சிகளைப் பின்னி மண் பூசிய சுவர். மேலே ஓட்டுக் கூரை.

நடுக்கூடம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. குடும்பத்தாரின் தனியறைகள் கொண்ட பகுதி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால், இரு முனைகளின் மாடிகளும் முன்னே துருத்தி நிற்க, நடுக்கூடத்தின் சுவர் உள்வாங்கியிருக்கிறது. ஆனால் கூரை வளையாமல் ஒரே நேர்கோட்டில் செல்கிறது. நடுவில் அந்தரத்தில் நிற்கும் இறவாரத்தை வளைந்த மரத்தாங்கிகள் ஏந்திக்கொள்கின்றன. தென்கிழக்கு இங்கிலாந்தின் வசதியான உழவர்கள் விரும்பிக் கட்டிய வகை இது.

உள்ளே நுழைந்ததும் கண்கள் எரிந்தன. புகைபோக்கி கிடையாது, கூடத்தின் தரை நடுவே தீ எரிகிறது, புகை மேலே ஏறிக் கூரையின் இடுக்குகள் வழியாகத் தானாக வெளியேற வேண்டியதுதான். அதற்காகவே கூடத்துக்கு மாடி போடாமல் கூரைவரை திறந்து விட்டிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால், விறகடுப்பு எரிந்த பழைய சமையலறையைப் போல மரங்கள் கரியேறிக் கிடக்கின்றன. இதன் விளைவு வேடிக்கையானது: ஒரு முனையின் மாடியிலிருந்து மறுமுனையின் மாடிக்குப் போக வழியே இல்லை, இறங்கி, புகைக்கூடத்தைக் கடந்து, வேறு படியில் ஏற வேண்டும். ஒரு தீக்குண்டம்தான் வீட்டின் அமைப்பு முழுவதையும் தீர்மானித்திருக்கிறது.

கூடத்தின் கீழ்முனையில் எதிரெதிராக இரு வாசல்களும், அவற்றை ஒட்டிப் பானங்களுக்கு ஓர் அறையும் உணவுப் பொருள்களுக்கு ஓர் அறையும் உள்ளன. மேல்முனையில் வீட்டுத் தலைவருக்கான இருக்கை. வெளிச்சம் தரும் உயரமான சாளரமும் அவர் பக்கம்தான், வேலைக்காரர்களுக்கு வாசல்காற்று! சாளரங்களில் கண்ணாடி இல்லை, நிற்கும் மரக்கம்பிகளும் மூடும் பலகைகளும் மட்டுமே. மாடியின் பெரிய படுக்கையறையை ஒட்டி, சுவருக்கு வெளியே பிதுங்கி நிற்கும் கழிப்பறை கழிவை நேராகக் கீழே இறக்கிவிடுகிறது.

பிரபுக்களின் மாளிகைகளில் காசு கொடுத்துக் கயிற்றுக்கு இப்பால் நின்று தங்க முலாம் பார்ப்பதைவிட, இந்த வீட்டில் நின்று கண்ணைக் கசக்கிக்கொள்வது எனக்கு மேலாகப்பட்டது. கோடையிலும் கனமான மேலங்கி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். அதில் ஏறும் புகைவாடை துவைத்தாலும் எளிதில் போவதில்லை.