மாடு வேண்டாம், வில் இருக்கட்டும்

வீடியோ கேம்களுக்குத் தூண், நிலைவாசல், இடிந்த மதில் முதலியவற்றை முப்பரிமாணத்தில் செய்துகொடுப்பது என் தொழில். ஸ்டுடியோ பெங்களூருவில், நான் ஓசூரில். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அனுப்பும் குறிப்பில் ஒரு நிபந்தனை அநேகமாக இருக்கும்: இடம் புனிதமாகத் தோன்ற வேண்டும், எந்த மதத்தையும் சுட்டக் கூடாது.

அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 1998இல் வந்த 'ஓகரினா ஆஃப் டைம்' கேமின் தொடக்கப் பதிப்புகளில், நெருப்புக் கோயிலில் இஸ்லாமிய ஓதல் ஒலித்தது. நிண்டெண்டோ பிறகு அதை நீக்கியது. கேடயத்தில் இருந்த பிறையும் நட்சத்திரமும் பின்னாளில் மாறின. 2002இல் 'ஹிட்மேன் 2' சீக்கியர்களின் கண்டனத்துக்கு ஆளானது.

ஆகவே சூலம், சிலுவை, பிறை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டே வேலையைத் தொடங்குகிறேன். அப்படியும் கோயில் என்ற உணர்வு போய்விடுவதில்லை. வெயிலிலிருந்து இருட்டுக்குள் செல்லும் நீண்ட நடை, தலை குனிய வைக்கும் வாசல், உள்ளே ஒற்றை விளக்கு. இவை போதும். கேமைச் சோதித்துப் பார்த்த பையன், அதுவரை ஓடிக்கொண்டிருந்தவன், அங்கே நடக்கத் தொடங்கினான். "செருப்பை எங்கே விடுவது அண்ணா?" என்று கேட்டான்.

மாறாக, 2017இல் வந்த 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகஸி'யில் ஹொய்சளர் கட்டடங்களும் பிள்ளையார் சிலைகளும் ஏராளம். கைத்திறன் அபாரம். ஆனால் பிள்ளையாரின் தந்தத்தைத் தேடி வந்தவர்களுக்குக் கோயில் என்பது திறக்க வேண்டிய பூட்டு மட்டுமே. 'ஜர்னி'யில் (2012) தெரிந்த தெய்வம் ஒன்றும் இல்லை. தொலைவில் உச்சியில் ஒளி விடும் மலை, அதை நோக்கி நடை, வழியில் பெயர் தெரியாத துணை, பனியில் விழுந்து மீண்டும் எழுதல். சபரிமலை போய்வந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள், விளக்கம் கேட்க மாட்டார்.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து நடுகற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 'டார்க் சோல்ஸ்' (2011) நினைவுக்கு வருகிறது. சில கற்களில் கீழ் அடுக்கில் போர். நடுவில் தேவமகளிர் வீரனை ஏந்திச் செல்கிறார்கள். மேலே அவன் லிங்கத்தின் முன் அமர்ந்திருக்கிறான். கேம் நாயகனும் செத்துச் செத்துத் தீ மூட்டிய இடத்தில் எழுகிறான். ஆனால் நடுகல்லுக்கு நெருக்கமானது அது அல்ல, தரையில் தெரியும் இரத்தக் கறை. தொட்டால், எங்கோ இருந்து ஆடிய யாரோ ஒருவர் அந்த இடத்தில் எப்படி மடிந்தார் என்பது நிழலுருவாக ஓடும். அடுத்து வருபவன் எச்சரிக்கையாகிறான். மாடு மீட்டு மாண்டவனுக்குப் பாதையோரம் கல் நட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றியிருக்காது.

இப்போது செய்யும் கேமில், பகைவன் பதுங்கியிருக்கும் வளைவுக்கு முன்னால் அப்படி ஒரு கல்லை வைத்து அனுப்பினேன்: கையில் வில், காலருகே மாடுகள். பதில் வந்தது. கல் அருமையாம், வில் இருக்கட்டுமாம்; மாடு மட்டும் மதச் சின்னமாகப்படுகிறதாம், எடுத்துவிட வேண்டுமாம். மாடு இல்லையென்றால் அவன் எதற்காகச் செத்தான் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.