கந்தாசிரமத்திலிருந்து பாதாள லிங்கம் வரை

திருவண்ணாமலையில் ரமண மகரிஷி இருந்த இடங்களைப் பார்க்க வருகிறவர்கள் ஊர்ப்பக்கமிருந்து ஏறுவதும் உண்டு, ரமணாசிரமத்துப் பின்வாசல் வழியாக ஏறுவதும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. பின்வாசலில் ஏறி கந்தாசிரமம், அங்கிருந்து இறங்கி விரூபாட்ச குகை, அப்புறம் குகை நமசிவாயர் கோயில் வழியாகப் பெரிய கோயில், கடைசியாக ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கம். இப்படிப் போனால் அவருடைய வாழ்க்கை பின்னாலிருந்து முன்னால் ஓடும். 1922-ல் தொடங்கி 1896-ல் போய் நிற்கலாம். மலையில் ஒவ்வொரு படியாக இறங்க இறங்க, அவரைச் சுற்றியிருந்த மனிதர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வருவார்கள். கடைசியில் ஒரு பதினாறு வயதுப் பையன் மட்டும் இருட்டில் உட்கார்ந்திருப்பான்.

மார்கழிக் காலை. ஆசிரமத்தில் தரிசனம் முடித்துக்கொண்டு ஏறினேன். பாதை முழுக்கக் கல் பாவியிருக்கிறார்கள். செருப்பில்லாமல்தான் ஏறுவது என்று நிறைய பேர் வைத்திருக்கிறார்கள். மலையே லிங்கம் என்பதால். அந்தக் குளிரில் உள்ளங்கால் கல்லில் பட்டதும் சுருக்கென்றது, பத்து நிமிடத்தில் பழகிவிட்டது. வழியில் மாக்கல்லில் பிள்ளையாரும் நந்தியும் செதுக்கி விற்கிறவர்கள் ஆங்காங்கே உட்கார்ந்திருந்தார்கள். வாங்கச் சொல்லித் தொந்தரவு இல்லை. உளிச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

கந்தாசிரமத்துக்குச் சற்று முன்னால் ஒரு பாறை. அங்கே நிற்காமல் யாரும் போவதில்லை. கீழே அண்ணாமலையார் கோயில் அப்படியே விரிந்து கிடக்கிறது. நான்கு பக்கமும் கோபுரங்கள், 217 அடி ராஜகோபுரம் கிழக்கே, நடுவில் பிராகாரங்கள், குளம், சுற்றிலும் ஊர். பேருந்து ஹாரனும் யாரோ வைத்த ஒலிபெருக்கிப் பாட்டும் அங்கே வரைக்கும் ஏறி வந்தன. பக்கத்தில் நின்ற ஒருவர், “தவம் பண்ற இடம்னா அமைதியா இருக்கும்னு நெனச்சேன்” என்று அலுத்துக்கொண்டார். ஆனால் பகவான் என்று அடியவர்கள் சொல்கிற ரமணர் தேர்ந்தெடுத்த இடமே இதுதானே. இந்த மலையில் ஆளரவமற்ற மடிப்புகள் எத்தனையோ உண்டு. அவர் இருந்தது ஊர் கண்ணுக்குத் தெரிகிற, ஊர்க்காரர்கள் நினைத்தால் ஏறி வந்துவிடுகிற பக்கத்தில்.

கந்தாசிரமம் என்பது, கேட்டதும் தோன்றுகிற மாதிரி, முருகனால் வந்த பெயர் இல்லை. கந்தசாமி என்ற அடியவர் அந்தச் சரிவைச் சமப்படுத்தி, பாடுபட்டு உண்டாக்கிய இடம் என்பதால் வந்த பெயர். கீழே விரூபாட்ச குகையில் கோடையில் தண்ணீர் இல்லை, ஆட்களும் கூடிவிட்டார்கள். இங்கே ஊற்று இருந்தது. 1916-ல் பகவான் இங்கே வந்தார், 1922 வரை இருந்தார். இன்றைக்கும் வாசலில் தென்னை நிற்கிறது, ஊற்றில் தண்ணீர் வருகிறது. ஒரு கை அள்ளிக் குடித்தேன். மார்கழித் தண்ணீர், பல் கூசியது.

உள்ளே திண்ணை, ஒரு சின்னக் கூடம், அதற்குள் தியானம் செய்கிற அறை, இன்னொரு பக்கம் அம்மாவின் அறை. எல்லாரும் கண்மூடி உட்கார்ந்திருந்தது தியான அறையில். எனக்கு அம்மாவின் அறையை விட்டு நகர மனம் வரவில்லை. துறவியின் குகையில் தாய்க்கு என்ன வேலை என்று அன்றைக்கே கேட்டிருக்கிறார்கள். அழகம்மாள் நிரந்தரமாகத் தங்கினால் பகவான் எங்கேயாவது புறப்பட்டுப் போய்விடுவாரோ என்று உடனிருந்தவர்கள் பயந்தார்களாம். அவர் போகவில்லை. அம்மா வந்தார், அடுப்பு வந்தது. அதுவரை பிச்சைச் சோறும் யாராவது கொண்டுவந்ததும்தான் சாப்பாடு. இனி மலைமேல் சமையல். அப்பளம் இட ஒத்தாசைக்கு வா என்று அம்மா கூப்பிட்டபோது, மகன் மாவு பிசைவதற்குப் பதிலாக ஒரு பாட்டே எழுதிக் கொடுத்துவிட்டார்; அகந்தையை உளுந்தாக உடைத்து, நான் யார் என்ற விசாரத்தில் அரைத்து, பிரம்ம அப்பளம் பொரிக்கிற செய்முறை அது. அப்பளப் பாட்டு என்று இன்றும் பாடுகிறார்கள். பின்னாலேயே தம்பி நாகசுந்தரமும் வந்து சேர்ந்து, துறவு வாங்கி, நிரஞ்ஜனானந்த சுவாமி ஆனார். வீட்டை விட்டு ஓடிவந்தவரைத் தேடி வீடே மலை ஏறிவிட்டது.

கமலா என்ற நாயும் இங்கே இருந்தது. புதிதாக யாராவது வந்தால், இவரைக் கூட்டிப்போய்க் காட்டு என்று பகவான் சொல்ல, அது முன்னால் ஓடி, மலையில் உள்ள தீர்த்தங்களையும் குகைகளையும் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுமாம். பாம்புகளும் உண்டு. அவற்றின் வீட்டுக்கு நாம்தான் விருந்தாளியாக வந்திருக்கிறோம், தொந்தரவு செய்யக் கூடாது என்பதே அவர் நிலை.

1922 மே 19. அம்மாவுக்குக் கடைசி நாள். காலையிலிருந்து இரவு சுமார் எட்டு மணி வரை மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வலது கை அம்மாவின் மார்பில், இடது கை தலையில். மூச்சு அடங்கிய பிறகு எழுந்து, வாருங்கள் சாப்பிடலாம், இங்கே தீட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தார். அழவும் இல்லை, சடங்கும் தேடவில்லை. ஆனால் ஒரு பகல் முழுக்க அந்தக் கைகளை எடுக்கவும் இல்லை. அந்த அறையில் நின்று இந்த இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். பற்றற்றவர் என்றால் எப்படி இருப்பார் என்று எனக்குப் புரிந்த அளவுக்குப் புரிந்தது அங்கேதான்.

அம்மாவை மலையடிவாரத்தில், பாலி தீர்த்தத்துக்குப் பக்கத்தில் சமாதி வைத்தார்கள். பகவான் தினமும் இங்கிருந்து இறங்கிப் போய்வந்தார். அந்த வருஷம் டிசம்பரில் ஒரு நாள் போனவர் திரும்ப ஏறவில்லை. காலையில் நான் புறப்பட்ட ஆசிரமம் அப்படி உண்டானது.

கந்தாசிரமத்திலிருந்து விரூபாட்ச குகைக்கு இறக்கம். தூரம் கொஞ்சம்தான், ஆனால் கற்கள் முரடு. குரங்குகள் கையில் உள்ள பையையே பார்த்துக்கொண்டு கூட வரும். பையில் பழம் வைத்திருந்தால் இங்கே அது உங்களுடையது இல்லை.

குகைக்குள் நுழைந்ததும் முதலில் படுவது வெக்கை. வெளியே மார்கழிக் காற்று, உள்ளே நெற்றி வியர்க்கிறது. கதவு தாழ்வு, குனிந்துதான் போக வேண்டும். கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. பிறகு ஓர் எண்ணெய் விளக்கு, அதன் பின்னால் துணி சாத்திய திருநீற்று மேடு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த விரூபாட்ச தேவரின் சமாதி என்பார்கள். அவர் உடலே திருநீறாகிவிட்டது என்பது ஐதீகம். குகையே ஓங்கார வடிவம் என்றும் சொல்வார்கள். எனக்கு அந்த வடிவம் பிடிபடவில்லை, இருட்டில் எப்படிப் பிடிபடும். சுவரோரமாக நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். மூச்சு விடுகிற சத்தம் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டது. என் பக்கத்தில் ஒருவர் மெல்லக் குறட்டை விட்டார். யாரும் அவரை எழுப்பவில்லை.

இந்த ஓர் அறையில் பகவான் இருந்தது 1899 முதல் 1916 வரை. கோடையில் கொஞ்சம் தள்ளியுள்ள மாமரத்துக் குகைக்குப் போவார்கள். 1905-ல் ஊரில் பிளேக் பரவியபோது ஆறு மாதம் பச்சையம்மன் கோயிலில் இருந்தார்கள். மற்றபடி இங்கேதான். மௌன விரதம் என்று அவர் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. பேச அவசியம் தோன்றவில்லை, அதனால் பேசவில்லை. ஊர்க்காரர்களுக்கு அவர் பிராமண சுவாமி. 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த்துறை ஊழியர் வந்து நான் யார் என்று கேட்டார். மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டித்தான் பதில் கிடைத்தது. 1907 நவம்பரில் காவ்யகண்ட கணபதி முனி என்ற சமஸ்கிருதப் பண்டிதர் வந்து, எல்லா மந்திரமும் ஜபித்துப் பார்த்துவிட்டேன், தவம் என்றால் என்னவென்று தெரியவில்லை என்று காலைப் பிடித்துக்கொண்டார். பதில் பெற்றுத் திரும்பியவர்தான் ரமண மகரிஷி என்ற பெயரை வைத்தது. அதாவது அந்தப் பெயருக்கு முன்பே எட்டு வருஷம் இந்தக் குகையில் கழிந்துவிட்டது.

தனித்திருந்தார் என்று சொல்கிறோம். ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்த மாதிரியே இல்லை. பழனிசாமி என்ற மலையாளத்து அடியவர் நிழல் மாதிரி கூடவே இருந்தார். கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த எச்சம்மாள் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஏறி வந்தார். அந்த வழக்கத்தைக் கடைசிவரை விடவில்லை. குகை நமசிவாயர் கோயிலில் தங்கியிருந்த கீரைப்பாட்டி மலையில் கீரை பறித்துச் சமைத்துக் கொண்டுவருவார். சீடர்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போகும்போது பாட ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டதில் பிறந்தது அட்சரமணமாலை. 108 கண்ணிகள். ‘அருணாசல சிவ’ என்று குரல் கேட்டதும் பிராமண சுவாமியின் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று வீடுகளில் சோற்றோடு காத்திருப்பார்களாம். ஞானத்தின் உச்சம் என்று இன்று உரை எழுதுகிற பாட்டு, அன்று நாலு பேர் பசிக்காகப் பிறந்தது. இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

இன்னொன்றும் நடந்தது. கார்த்திகை தீபத்தின்போது குகையைப் பார்க்க வருகிறவர்களிடம் குகையை நிர்வகித்தவர்கள் காசு வசூலித்தார்கள். தன்னைப் பார்க்க ஏழைகள் காசு கொடுப்பதா என்று பகவான் எழுந்து வெளியே போய்விட்டார். கூட்டமும் அவர் பின்னாலேயே போய்விட்டது. காலிக் குகையைக் காட்டி யாரிடம் வசூலிப்பது? வசூல் நின்றது, அவர் திரும்பி வந்தார். சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை.

அரை மணி நேரத்துக்கு மேல் என்னால் அந்த வெக்கையில் உட்கார முடியவில்லை. வெளித் திண்ணைக்கு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். குகை நமசிவாயர் கோயிலில் அர்ச்சகர் தீபாராதனை காட்டி, திருநீறு கொடுத்தார். அதற்குக் கீழே வீடுகள் தொடங்கிவிடுகின்றன. குழாயடி, துணிக்கொடி, பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளைகள் எல்லாம் தாண்டி, பெரிய கோயிலின் மேற்குக் கோபுரமான பேய்க் கோபுரம் பக்கமாக வந்து சேர்ந்தேன். மாடவீதியைச் சுற்றி ராஜகோபுரத்துக்குப் போய் உள்ளே நுழைந்தால் வலப்பக்கம் ஆயிரங்கால் மண்டபம்.

பாதாள லிங்கத்துக்குப் படி இறங்கிப் போக வேண்டும். இப்போது வெளிச்சம் உண்டு, சுத்தமாக இருக்கிறது, பகவான் படம் இருக்கிறது. 1949-ல் ராஜாஜி வந்து திறந்துவைத்த புதுப்பிப்பு இது. 1896-ல் அப்படி இல்லை. வெளவாலும் ஈரமும் பூச்சியும் குடியிருந்த நிலவறை. மதுரையில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன், அதுதான் பகவானின் இயற்பெயர், அண்ணன் கட்டச் சொன்ன காலேஜ் ஃபீஸ் ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டைச் சீட்டோடு வைத்துவிட்டு வந்தவன். செப்டம்பர் 1-ஆம் தேதி இந்தக் கோயிலுக்கு வந்து, மிஞ்சிய காசைக் குளத்தில் எறிந்துவிட்டு, மேலே மண்டபத்தில்தான் உட்கார்ந்தான். தன் வயதுப் பையன்கள் கல்லெறிந்தார்கள். அதனால் கீழே இறங்கினான். அங்கேயும் ஓட்டாஞ்சில்லு வந்து விழுந்தது. தொடையைப் பூச்சி அரித்து, சீழும் ரத்தமும் வந்தும் அவனுக்குத் தெரியவில்லை. அப்போது ஊரில் இருந்த துறவி சேஷாத்திரி சுவாமிகள் தன்னால் ஆனமட்டும் காவல் இருந்தார். கடைசியில் வேங்கடாசல முதலியார் என்பவர் பையன்களை விரட்டிவிட்டு, ஆட்களைக் கூட்டிவந்து, கண் திறக்காமல் இருந்தவனை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் சுப்பிரமணியர் சந்நிதியில் வைத்தார்கள். அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது.

மேலே நான் பார்த்துவிட்டு வந்தவர் வேறு. நாய்க்கு வழிகாட்டி உத்தியோகம் கொடுத்தவர், அப்பளப் பாட்டு எழுதியவர், அம்மாவின் மார்பில் கைவைத்து உட்கார்ந்தவர். இங்கே இருந்தவனுக்கு அப்போது அம்மா வந்தாலும் தெரிந்திருக்காது. இரண்டே வருஷத்தில், 1898-ல் பவழக்குன்று என்ற சிறு குன்றில், அம்மா நிஜமாகவே வந்து அழுது கூப்பிட்டார். நடக்க வேண்டியது தடுத்தாலும் நடக்கும், நடக்காதது முயன்றாலும் நடக்காது, அதனால் சும்மா இருப்பதே நல்லது என்று தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பியவர்தான், பதினெட்டு வருஷம் கழித்து அதே அம்மாவுக்கு மலையில் இடம் கொடுத்தார். மனிதர்களிடமிருந்து பிய்த்துக்கொண்டு போகிற தனிமைதான் பெரிய தனிமை என்று நினைக்கிறோம். பாதாள லிங்கத்தை விடக் கந்தாசிரமத்தில் இருந்ததுதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. சுற்றிலும் சமையலும் சொந்தமும் கேள்வியும் இருக்கும்போது, உள்ளே அப்படியே இருப்பது.

அப்புறம் அண்ணாமலையார் சந்நிதி வரிசையில் போய் நின்றேன். நல்ல கூட்டம். முன்னால் நின்ற ஒரு பெரியம்மா என் காலில் இருந்த புழுதியைப் பார்த்துவிட்டு, “குகைக்கா போயிட்டு வர்றே? என் முட்டிக்கு ஏற முடியுமா தம்பி?” என்று கேட்டார்.

“ஆசிரமத்துப் பின்வாசல் வழியா ஏறுங்கம்மா, அந்தப் பக்கம் பாதை நல்லா இருக்கும். மெதுவா உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். கந்தாசிரமத்தோட திரும்பிடுங்க, குகைக்கு இறங்குற வழி மட்டும் வேண்டாம்” என்றேன்.

“அங்க அவங்க அம்மா ரூம் இருக்காமே?”

“இருக்கும்மா.”

“அது போதும்” என்றார். வரிசை நகர்ந்தது.