கரிசல் தோட்டத்தில் ஈரமானி: சோதனைக் குறிப்புகள்

பிப்ரவரி 4
உடுமலைப் பக்கம், கரிசல் மண், சொட்டு நீரில் தக்காளி. இரண்டு கம்பி முள் உள்ள மின்தடை வகை மண் ஈரமானியை முதலிலேயே ஒதுக்கியாயிற்று. நேர்மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் முள்ளின் தாமிரம் சில வாரங்களில் அரித்துப் போகும். உர உப்பு ஏறினால் மண் காய்ந்திருந்தும் ஈரம் என்று காட்டும்.

மின்தேக்கத்திறன் மாறுவதை வைத்து ஈரத்தை அளக்கும் கெப்பாசிட்டிவ் பட்டைகளில் பார்க்க வேண்டியது மூன்று. மின்துடிப்பு உண்டாக்கும் சிப் டி.எல்.சி. 555-ஆக இருக்கட்டும், என்.இ. 555-க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், 3.3 வோல்ட்டில் நம்ப முடியாது. தண்ணீரில் நனைத்துத் துடைத்ததும் அளவீடு உடனே திரும்ப வேண்டும். இழுத்துக்கொண்டே வந்தால் 1 மெகா ஓம் ரெசிஸ்டரின் ஒரு முனை கிரவுண்டைத் தொடவில்லை என்று அர்த்தம். இந்தக் குறை மலிவுப் பட்டைகளில் அடிக்கடி வருகிறது. மூன்றாவது, பலகையின் வெட்டிய ஓரம். அங்கே பூச்சு கிடையாது, தண்ணீர் உள்ளே ஏறும். எபாக்ஸி இரண்டு பூச்சு போதும்.

பிப்ரவரி 7
காற்றில் வைத்தால் 0, தண்ணீரில் வைத்தால் 100 என்று வைத்துக்கொள்வது அளவுத்திருத்தமே அல்ல. இந்த மண்ணில் துளைகளே பாதி அளவுதான். முழுக்க நிரம்பினாலும் ஏறக்குறைய 50 சதவீதம்தான் தண்ணீர்.

சரியான வழி அடுப்பு. 100 கன செ.மீ. வளையத்தைப் பட்டைக்குப் பக்கத்தில் அடித்து மண் எடுத்து, எடை போட்டு, 105 டிகிரியில் 24 மணி நேரம் காய வைத்து மறுபடி எடை. ஈரமாக 165 கிராம், காய்ந்து 128. வித்தியாசம் 37 கிராம், அதாவது 37 கன செ.மீ. தண்ணீர், கொள்ளளவில் 37 சதவீதம். மண் காயக் காய இப்படி ஐந்தாறு புள்ளி எடுத்தால், பட்டையின் அளவீட்டை ஈர சதவீதமாக மாற்றும் கோடு கிடைக்கும். அயலாரின் செம்மண் கோடு இங்கே செல்லாது.

வைஃபை உள்ள ஈ.எஸ்.பி. 32 கட்டுப்பாட்டுப் பலகையைப் பயன்படுத்தினால் பட்டையின் சிக்னல் ஒயரை 34-ஆம் பின்னில் கொடுக்கவும். மின்னழுத்தத்தை எண்ணாக்கும் இரண்டாவது பகுதியின் (ஏ.டி.சி. 2) பின்கள் வைஃபை ஓடும்போது வேலை செய்யாது.

பிப்ரவரி 10
நட்டாயிற்று: 15 செ.மீ., 30 செ.மீ. ஆழம், டிரிப்பரிலிருந்து 10 செ.மீ. தள்ளி. பட்டையைக் கிடையாக, மெல்லிய ஓரம் மேலே இருக்கும்படி. தட்டையாகப் படுத்தால் மேலே தண்ணீர் தேங்கும்.

பிப்ரவரி 21
கரிசலின் குணம் தெரிந்துவிட்டது. 20 செ.மீ. ஆழத்தில் உள்ள டென்சியோமீட்டர் (மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும் இழுவிசையை அளக்கும் குழாய், எண் ஏறினால் வறட்சி) 25 சென்டிபார் காட்டுகிறது, அதாவது ஈரம் நன்றாக இருக்கிறது. ஆனால் 15 செ.மீ. பட்டை வறட்சி என்கிறது. தோண்டினால், பட்டையை ஒட்டியே வெடிப்பு. தண்ணீரின் மின்காப்பு மாறிலி 80, காற்றுக்கு 1. மெல்லிய காற்று இடுக்கு போதும், அளவீடு சரிந்துவிடும். அந்த இடத்து மண்ணையே குழைத்துச் சேறாக்கி மறுபடி பதித்து, மேலே மூடாக்கு போட வேண்டும். தானாக வால்வு திறக்கும் அமைப்பில் இந்த ஒரு வெடிப்பு, பாத்தியைச் சேறாக்கிவிடும். கரிசலில் ஒற்றைப் பட்டையை நம்பி மோட்டாரை விடவே கூடாது.

டென்சியோமீட்டரும் 80 சென்டிபாரை நெருங்கினால் காற்று புகுந்து நின்றுவிடும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஊற்றினால் குமிழி குறையும்.

மார்ச் 3
மதிய வெயிலில் அளவீடு நகர்கிறது. விடியற்காலை அளவீட்டை மட்டும் ஒப்பிடுவதே நல்லது. உரம் விட்ட மறுநாள் அளவீட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எண்ணே வேண்டாம், தண்ணீர் விடலாமா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவருக்குக் கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய வண்ண விளக்கு ஈரங்காட்டி நல்ல பொருள்: நீலம் என்றால் நிறைய ஈரம், சிவப்பு என்றால் மிகக் குறைவு.

இந்தத் தோட்டத்தில் இனி: டென்சியோமீட்டர் 40 சென்டிபார் தொட்டால் வால்வு திறப்பு, 30 செ.மீ. பட்டையில் எண் அசைந்ததும் மூடல்.