அட்லாண்டாவில் கைநழுவிய வீடு

அட்லாண்டாவில் ஒரு தனிவீட்டுக்கு விலை கேட்டிருந்தோம். கறிவேப்பிலைத் தொட்டியை எந்த ஜன்னலோரம் வைப்பது என்றுகூட வீட்டில் பேசி முடித்தாயிற்று. வங்கிக் கடன் வருவதற்குள் ஒரு நிறுவனம் முழுப் பணத்தையும் நீட்டி வாங்கிப் போய்விட்டது. அப்புறம் அதே வீடு, சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்து, வாடகைக்கு வந்தது! நாங்கள் கட்டவிருந்த தவணையைவிட வாடகை அதிகம்.

இப்படி நிறுவனங்கள் வீடு வாங்குவதைத் தடுக்க, 2023 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஜெஃப் மெர்க்லியும் ஆடம் ஸ்மித்தும் கொண்டுவந்த மசோதா, ஹெட்ஜ் ஃபண்டுகள் (பெரும் பணக்காரர்களின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்பவை) கையிலிருக்கும் தனிவீடுகளை 10 ஆண்டுகளில் விற்கச் சொன்னது. நிறைவேறவில்லை. நியூயார்க் மாநிலம் 2025-இல் வேறு வழி பிடித்தது: ஒன்றிரண்டு குடும்பங்கள் வாழும் வீடு விற்பனைக்கு வந்தால், பெரிய முதலீட்டு நிறுவனங்கள் 90 நாள் கழித்துத்தான் விலை கேட்கலாம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. சரி, முழுத் தடைகூட வேண்டாம். மாதச் சம்பளக்காரனுக்கு முதல் மூன்று மாதம் கிடைத்தால் போதும்.