லஸ்கர் பேர் என்ன?

பள்ளி மலருக்கு எழுதச் சொன்னதும், ஆண்டு விழாவையும் கபடிக் கோப்பையையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்று தெரியும். நான் கடைசி பீரியடை எடுத்துக்கொள்கிறேன்.

மேலூர் பக்கம், பெரியாறு கால்வாய்க் கரையில் இருந்த நம் பள்ளியில் 1989-ல் நான் ஏழாவது. அந்த வருஷம்தான் சத்துணவில் முட்டை போட ஆரம்பித்தார்கள், இரண்டு வாரத்துக்கு ஒன்று. முட்டை நாளில் ஒருத்தரும் லீவு போட மாட்டோம். கணக்கு வாத்தியாருக்கு ஒரு பழக்கம். மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் புத்தகத்தை மூடிவிட்டு, "இன்னைக்கு உனக்கு யாருடா என்ன செஞ்சா?" என்று நாலு பேரை எழுப்பிக் கேட்பார். ஒரு தடவை சொன்ன ஆளை அந்த மாசம் மறுபடி சொல்லக் கூடாது. அம்மா, அப்பா, அப்பத்தா எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோவார்கள். அப்புறம்தான் திண்டாட்டம்.

ஒரு நாள், "யாரும் ஒண்ணும் செய்யலை சார்" என்றேன். காலையில் வீட்டில் அடி வாங்கிய கடுப்பு. அவர் திட்டவில்லை. "மூணாவது பட்டன் மட்டும் ஏன் பச்சையா இருக்கு?" என்றார். குனிந்து பார்த்தேன். தங்கச்சி கவுனிலிருந்து பிரித்தெடுத்த பட்டன். முந்தின ராத்திரி கரண்ட் இல்லை. சிம்னி விளக்கில் அப்பத்தா தைத்தது. கண் தெரியாமல் ஊசியில் நூல் கோக்கச் சொல்லி என்னிடம்தான் நீட்டியது. கோத்துக் கொடுத்துவிட்டு நான் தூங்கப் போய்விட்டேன்.

"அப்பத்தாவை ஏற்கெனவே சொல்லிட்டேனே சார்" என்றேன். வகுப்பே சிரித்தது, அவரும்தான்.

அப்பத்தாவுக்கு இந்தப் பாடமெல்லாம் தேவைப்படவில்லை. கால்வாயில் தண்ணி விட்டால், முதல் தண்ணியை இரண்டு கையிலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் இறங்காது. அழகரையும் பென்னிகுயிக்கையும் ஒரே மூச்சில் கும்பிடும். மேற்கே அரபிக்கடலுக்குப் போக இருந்த தண்ணியை மறித்து, பென்னிகுயிக் என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் 1895-ல் கட்டி முடித்தது முல்லைப் பெரியாறு அணை. மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பிவிட்டதால்தான் அது பேரணை என்ற இடத்தில் பிரிந்து எங்கள் வயல்வரை வந்தது. அவர் தன் சொத்தை விற்றுக் கட்டினார் என்பது எங்கள் பக்கத்துக் கதை. ஆதாரம் இருக்கா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"உன் வாயில போற சோறுதான்டா ஆதாரம்."

நாங்கள் கால்வாயில் கள்ளந்திரிக்குக் கீழே, வருஷத்துக்கு ஒரே விளைச்சலுக்குத் தண்ணி விடும் ஒருபோகப் பாசனம். தண்ணி வராத வருஷம் அப்பா மதுரைக்குக் கொத்து வேலைக்குப் போவார். அப்பத்தா கும்பிடாமல் என்ன செய்யும்?

ஒரு வெள்ளிக்கிழமை ஆள் கிடைக்காமல், "ஷட்டர் திறந்துவிட்ட லஸ்கர் சார்" என்றேன். லஸ்கர் என்றால் கால்வாய் ஷட்டரைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்ளும் ஆள். "அவர் பேர் என்ன?" தெரியவில்லை. வகுப்பில் யாருக்குமே தெரியவில்லை. ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு கரைமேல் சைக்கிளில் போகிற அவரைத் தெரியாத பிள்ளை கிடையாது. "கேட்டுட்டு வா" என்றார். கேட்கவில்லை. அரையாண்டுப் பரீட்சை வந்தது, விட்டுப்போனது.

இங்கே டொராண்டோவில் குழாயைத் திருப்பினால் வெந்நீர். வந்த புதிதில் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்து, கூடத் தங்கியிருந்தவன் தூசி விழுந்துவிட்டதா என்றான். அந்தப் பழக்கம் எப்போது போனதென்று தெரியவில்லை. படுக்கும் முன் சாமி கும்பிட்டு ஒரு ஆளை நினைத்துக்கொள்வது மட்டும் நிற்கிறது. போன வாரம், விடியுமுன் தெருவில் பனி தள்ளிய வண்டிக்காரர். அவர் பேரும் தெரியாது.

போன பொங்கலுக்கு ஊர் போனபோது லஸ்கர் வீட்டைத் தேடிப் போனேன். எண்பதைத் தாண்டியவர், வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். எண்பத்தொன்பதில் நடந்ததைச் சொல்லிப் பேரைக் கேட்டேன், சொன்னார். மலரில் போடட்டுமா என்றதற்கு, "அதெல்லாம் எதுக்குய்யா" என்றுவிட்டார். அதனால் போடவில்லை.

"உங்க வயல் எங்கிட்டு?"

"கடைமடை, பெரியப்பா."

"அப்ப அந்த வருசம் நாலஞ்சு நாள் பிந்தித்தான் வந்திருக்கும். மேல ஷட்டர்ல கட்டை அடைச்சுக்கிருச்சு" என்றார், நேற்று நடந்தது மாதிரி.