அலமாரிக்குள் கிடந்த டைட் சாக்ஸ்

வீடு வீடாகப் போய் மூத்தோரைப் பார்க்கும் தாதி நான். சிங்கப்பூர் யீஷூனில் ஒரு தாத்தா, 30 வருஷத்துக்கு மேல் பரோட்டாக் கல் முன்னால் நின்றவர். இடது கணுக்காலின் உட்பக்கம், சற்று மேலே, 50 காசு நாணயம் அளவுக்கு ஒரு புண், அதைச் சுற்றித் தோல் காப்பித்தூள் தூவியது போல் பழுப்பேறி இறுகிக் கிடந்தது. வீட்டில் எல்லாரும் அதைச் சர்க்கரைப் புண் என்றே நினைத்திருந்தார்கள், ஆனால் அது நரம்பு சுருட்டிக்கொண்டதால் வந்த புண்.

நரம்பு சுருட்டிக்கொண்டது என்று நாம் சொல்வது நரம்பே இல்லை, அசுத்த ரத்தம் ஓடும் குழாய். நடக்கும்போது கெண்டைக்கால் தசை அதைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும், குழாய்க்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் அது திரும்ப இறங்காமல் தடுக்கும். வருஷக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்றால் ரத்தம் தேங்கி, அழுத்தம் ஏறி, வால்வுகள் தளர்ந்துவிடும். அப்புறம் நீர் கசிந்து கால் வீங்கும், கசிந்த ரத்தத்தின் இரும்புதான் தோலில் அந்தப் பழுப்பு. இந்த மாதிரிப் புண்ணுக்கு வெறும் களிம்பு போதாது, வெளியிலிருந்து இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

ஆனால் எடுத்தவுடன் கட்டிவிடக் கூடாது. காலுக்கு நல்ல ரத்தம் சரியாக வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுப்போம். 0.8க்குக் கீழே வந்தால் முழு இறுக்கம் கிடையாது, 0.5க்குக் கீழே என்றால் கட்டு பக்கமே போகக் கூடாது, கால் அழுகிப்போகும். சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் கெட்டியாகி எண் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் கால் விரலிலும் அளக்கச் சொல்வார்கள். ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை வைத்ததும் அந்த உஷ் உஷ் சத்தம் கேட்டு, "என்னம்மா அது?" என்றார் தாத்தா. "உங்க ரத்தம் ஓடுற சத்தம் தாத்தா," என்றேன். தலையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எண் சரியாக வந்ததால் நான்கு அடுக்குக் கட்டு போட்டோம். கணுக்காலில் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம், மேலே போகப் போகக் குறையும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது வேதனைதான், பொறுத்துக்கொண்டார். 27 செண்டிமீட்டர் இருந்த கணுக்கால் 24 ஆனது, மூன்று மாதத்துக்கு மேல் ஆகிப் புண்ணும் மூடியது. இனி தினமும் டைட் சாக்ஸ் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டே மாதத்தில் அதே இடத்தில் தோல் பிளந்துவிட்டது. சாக்ஸ் எங்கே என்று கேட்டால் அலமாரியிலிருந்து பாட்டி எடுத்துத் தந்தார், உறைகூடப் பிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. "ஒரு தடவை போட்டுக் காட்டுங்க பாட்டி" என்றேன். முடக்குவாதத்தில் வளைந்த விரல்கள், குதிகால் வரை இழுக்கவே முடியவில்லை, கண் கலங்கிவிட்டது அவருக்கு. தாத்தாவுக்கோ குனிய முடியாது. இதை அன்றைக்கே என் முன்னால் செய்யச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். போடச் சொன்னேனே தவிர, யார் கை போடப் போகிறது என்று கேட்கவில்லை. அது என் தவறு, இன்றும் உறுத்துகிறது.

திரும்பக் கட்டு, திரும்பப் பல வாரம். இந்த முறை டாக்டரிடம் பேசி ஒரு படி இறுக்கம் குறைந்த சாக்ஸாக வாங்கினோம், போடாத பலமான சாக்ஸை விட தினமும் போடுகிற லேசானது எவ்வளவோ மேல். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டால் துணி வழுக்காமல் பிடிபடும். சாக்ஸைக் குதிகால் வரை உள்பக்கம் வெளியே திருப்பி, பாதத்தை நுழைத்து, பிறகு மெல்ல மேலே நீவ வேண்டும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே, கால் வீங்குவதற்குள். மேல் விளிம்பை மடித்துவிடக் கூடாது, கயிறு கட்டியது போல் ஆகிவிடும். பாட்டியோடு உட்கார்ந்து நான்கு நாள் காலையில் இதையே செய்தேன். ஐந்தாம் நாள் நான் கைகட்டி நின்றேன், அவரே போட்டுவிட்டார்.

போன வாரம் போனபோது சாக்ஸ் குளியலறைக் கம்பியில் நிழலில் காய்ந்துகொண்டிருந்தது. தாத்தா இன்னொரு ஜோடியைப் போட்டுக்கொண்டு கீழே காப்பிக்கடைக்கு நடந்து போயிருந்தார். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறு மாசம் ஆகப் போவுதும்மா, இழுவை போயிடும்னு சொன்னியே, புதுசு எப்ப வாங்கணும்?" என்று கேட்டார்.