ராத்திரி 2 மணி அலாரம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு 41 நாள். செல்லூர் வீட்டு முன்னறையில்தான் கட்டில். ஆஸ்பத்திரியில் இருந்து கிளம்பும்போது மாத்திரைச் சீட்டைக் கொடுத்தார்கள், எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாளே வால் எலும்பு மேல் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு.

பக்கத்துத் தெரு நர்ஸ் அக்கா வந்து அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். "அழுத்தினா வெளுக்கணும் தம்பி. வெளுக்கலைன்னா படுக்கைப்புண் ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்." நான் பவுடர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "தேய்க்கவே தேய்க்காதீங்க" என்று ஒரு அதட்டு. காற்று மெத்தை இருக்கே என்றேன். மெத்தை இருந்தாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றணுமாம். தலையணையைக் கெண்டைக்காலுக்குக் கீழே வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் விடணும். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கணும், ஊற்றி முடித்தும் அரை மணி நேரம் இறக்கக் கூடாது. இல்லையென்றால் கஞ்சி எதுக்களித்து நுரையீரலுக்குள் போய்விடும்.

நர்ஸ் அக்கா புற்றுநோய் வார்டில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே வலிக்கு மார்பின் என்ற மருந்தை ஆரம்பிக்கும்போதே மலமிளக்கியும் சேர்த்துக் கொடுப்பார்களாம். வலி அடங்கின பிறகு மலச்சிக்கலுக்கு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன் என்றார்.

அப்பாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. நேற்று ராத்திரி 2 மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்ததும், நல்ல கையால் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். விட்டால்தானே அடுத்த அலாரத்துக்குள் நான் கொஞ்சம் தூங்குவது!